மினுங்கிய பூனையும் நான் திருப்பி வாங்கிய கடிதமும்

இருபத்தொன்பது வருடம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்தேன். அந்தப் பெயர் சனங்களின் வாயில் நுழையாது. ஆண் என்றால் மாட்டு டொக்டர், பெண் என்றால் மாட்டு மிஸ். தீவுப் பகுதியில் மாட்டு மிஸ் என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். மாட்டுக்குச் சினை ஊசி, கோழிக்குச் சொட்டு மருந்து, நாய்க்கு விசர்த் தடுப்பூசி. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் படகில் போய், கரை இறங்கும்வரை சத்தியெடுத்து, இறங்கிய கையோடு ஊசி போட்ட நாட்களும் உண்டு.

இத்தனை வருடத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்றைத்தான் திருப்பி வாங்க வேண்டி வந்தது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அனுபவம் சொல்லுங்கோ என்று கேட்டால் கன்று இழுத்த கதை, கிணற்றுக்குள் விழுந்த மாட்டைத் தூக்கிய கதை எல்லாம் சொல்வேன். இதைச் சொல்லவில்லை. இப்போது ஓய்வுபெற்றாயிற்று. எழுதிவிடுகிறேன்.

1. சாம்பல் குட்டி

தீவில் பூனைக்கு வைத்தியம் பார்க்க யாரும் கூப்பிடுவதில்லை. மீன்தலை போட்டால் தின்னும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால் தவமலர் அக்கா பூனைக்குத் தடுப்பூசி போட வரச்சொல்லி ரெலிபோன் எடுத்தபோது எங்கள் காரியாலயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

தவமலர் அக்கா கொழும்பில் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஊர்காவற்றுறைக் கரையோரமாகப் பூட்டிக் கிடந்த தாய்வீட்டைத் திருத்திக்கொண்டு வந்து குடியிருந்தார். அவருடைய தாயும் என் தாயும் நாரந்தனையில் ஒரே ஒழுங்கையில் பிறந்தவர்கள். அந்த உரிமையில் என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவார்.

குட்டியைக் கொடுத்தது அவருடைய பெறாமகன், கூடப்பிறந்தவளின் மகன். அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, சாதிப் பூனை, கவனமாகப் பாருங்கோ என்று கூடையோடு கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். எனக்கு அதில் ஒரு சாதியும் தெரியவில்லை. உடம்பெல்லாம் பஞ்சுபோல மயிர், அடுப்புச் சாம்பலுக்குள் உருண்டு எழும்பின நிறம். செல்லன் என்று பெயர் வைத்திருந்தார். ஊசியைப் போட்டேன், என் கையைப் பிறாண்டியது, வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அழைப்பு. இந்த முறை அக்காவின் குரல் அழுகிற குரல். பூனை ஓயாமல் சொறிகிறது, மயிர் கொட்டுகிறது, நக்கி நக்கிச் சத்தியெடுக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். உடம்பில் அங்கங்கே தோல் சிவந்து வெடித்திருந்தது. அது எனக்குப் புதிதில்லை. நான் திகைத்தது வேறொன்றுக்கு. விறாந்தை வெயிலில் அதைப் பிடித்தபோது முதுகு முழுக்க மினுங்கியது. மயிரின் நுனி ஒவ்வொன்றிலும் பொன்தூள் தூவிவிட்டதுபோல் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இதே கையால் பிடித்த பூனை. அன்றைக்கு ஒரு மினுக்கமும் இல்லை. அதற்கு நானே சாட்சி.

"பாத்தீரே பிள்ளை, எல்லாம் உவன்ர தூள். மதிலுக்கு அங்காலை ராவுறான், இஞ்சை என்ர பிள்ளை சாகுது" என்றார் அக்கா.

2. மதிலுக்கு மேலால்

மதிலுக்கு அங்காலை மரியதாஸ் அண்ணையின் கொட்டில். மீன்பிடிப் படகுகளுக்கு பைபர் ஒட்டித் திருத்துகிறவர். தகப்பன் காலத்தில் மரவள்ளம் செய்த இடம். பிறகு பைபர் படகு வர, இவரும் அதற்கு மாறினார். வெடித்த இடத்தை மெசினால் தேய்த்து ராவி, அதன்மேல் கண்ணாடிநாரில் செய்த பைபர் மெற்றை வைத்து, பசை பூசி ஒட்டுவார். ராவும்போது தூள் பறக்கும். வாடைக் காற்றுத் தொடங்குவதற்கு முன் படகுகளைத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அந்த மாதங்களில்தான் அவருக்கு வேலை அதிகம். அப்போது ஏழு படகு கவிழ்த்து வைத்திருந்தார்.

எங்கள் காரியாலயத்து மிருக வைத்தியர் பயிற்சிக்குப் போயிருந்த கிழமை அது. நானே பொறுப்பு. பூனையின் விலாவில் உள்ளங்கை அளவுக்கு மயிரை வழித்து, தோலைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சொறிப் பூச்சி இல்லை. பூஞ்சணம் இல்லை. அப்படியானால் தூள்தான் என்று முடிவு கட்டினேன். மதிலோரம் ஒரு கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். கொட்டில் வாசலில் பைபர் மெற் சுருள் ஒன்று வெயிலில் கிடந்து மினுங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் எனக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கல்லிலிருந்து இறங்கி, விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே அறிக்கை எழுதினேன். அயலில் நடைபெறும் படகு திருத்தும் வேலையால் எழும் கண்ணாடிநார்த் தூள் விலங்கின் உடலில் படிந்து தோல் நோயை ஏற்படுத்தியுள்ளது. இது மனிதருக்கும் தீங்காகலாம். கையெழுத்து, பதவி முத்திரை, எல்லாம் சரியாக. முத்திரை குத்துவதில் எனக்கு அந்த நாளில் ஒரு சந்தோசம் இருந்தது, மறைப்பானேன்.

கடிதம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனது. அவர் வந்து, மறு அறிவித்தல்வரை வேலையை நிறுத்தச் சொன்னார். வெறும் புகார் என்றால் அவர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசியிருப்பார். காரியாலய முத்திரையோடு கடிதம் இருக்கும்போது அவர்தான் என்ன செய்வார்.

அடுத்த நாள் மரியதாஸ் அண்ணை எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். சறம், மேலே ஒரு பழைய சேட், புருவத்தில்கூட வெள்ளைத் தூள். கதிரையில் இருக்கச் சொன்னேனா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நின்றபடியே சொன்னார்:

"மிஸ், இந்தத் தூள் மினுங்காது. படிஞ்சா மங்கும். முப்பது வரியமா என்ர தலையில படியுது, ஒருநாளும் மினுங்கினதில்லை."

"நீர் படகைப் பாரும். பூனையை நான் பாக்கிறன்" என்றேன்.

அவர் என்னை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மேசைக் கிளாக்கர் நல்ல பதில் மிஸ் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3. வழித்த இடம்

பூனைக்கு ஒரு களிம்பு கொடுத்து, அது நக்காமல் இருக்கப் பழைய எக்ஸ்ரே பிலிமில் கூம்பு செய்து கழுத்தில் மாட்டிவிட்டேன். களிம்பு கழுவுப்படக் கூடாது, குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வழக்கமாக எல்லாருக்கும் சொல்வது, பெரிதாக யோசித்துச் சொன்னதில்லை.

ஆறு கிழமை கழித்துப் போனேன். சொறி இல்லை, சத்தி இல்லை, தோல் ஆறியிருந்தது. தவமலர் அக்கா பால்தேத்தண்ணி தந்து, கொட்டிலைப் பூட்டினதோடு பிள்ளை தேறிவிட்டான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அயல் முழுக்க என் கெட்டித்தனத்தைச் சொல்லியிருக்கிறார் போல. ஒழுங்கையில் வரும்போதே இரண்டு பேர் சிரித்துத் தலையாட்டினார்கள்.

பூனையைத் தூக்கி வெயிலில் பிடித்தேன். விலாவில் நான் வழித்த இடத்தில் புது மயிர் முளைத்திருந்தது. கட்டை மயிர், விரல்நகம் அளவு. அது மினுங்கியது. உடம்பில் வேறெந்த இடத்தையும்விட அந்த இடம்தான் அதிகம் மினுங்கியது.

ஆறு கிழமையாகக் கொட்டிலில் வேலை இல்லை. தூள் இல்லை. அந்த மயிர் முளைத்ததே அதற்குப் பிறகுதான். அப்படியானால் எதன்மேல் எது படிந்தது?

அப்போதுதான் முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அக்கா, முதல்ல வந்தது சொறியோ, மினுக்கமோ?"

மினுக்கம்தான் முதலில் என்றார். மினுங்குகிறதைக் கண்டு, தூள் என்று பயந்து, காலமையும் பின்னேரமும் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாராம். ஒரு மாதம் அப்படி. சொறி அதற்குப் பிறகுதான் வந்ததாம். நான் குளிப்பாட்ட வேண்டாம் என்ற நாளிலிருந்து அதை விட்டிருக்கிறார். பூனை தேறியது அதனால். கொட்டிலைப் பூட்டினதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாலைந்து மயிரைக் கத்தரித்துத் தாளில் மடித்துக்கொண்டு காரியாலயத்துக்கு வந்தேன். மாட்டுச் சாணத்தில் புழு முட்டை பார்க்கிற அதே நுணுக்குக்காட்டியில் வைத்தேன். வெளியில் ஒட்டின தூள் ஒரு துணிக்கையும் இல்லை. நுனிப் பக்கம் மயிரே நிறம் குறைந்து, கண்ணாடிபோல வெளிச்சத்தை விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கள் வைத்தியர் பயிற்சி முடிந்து வந்திருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், அமைதியான ஆள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது பெங்கால் பூனை அக்கா. அந்த இனத்தில சிலதுக்கு மயிரே இப்பிடித்தான். தாய் தகப்பன் ரெண்டிட்டையும் இருந்து வந்தால்தான் குட்டி மினுங்கும். குட்டியில பஞ்சு மயிர் மூடிக்கிடக்கும். அது கொட்டினாப் பிறகுதான் வெளியில தெரியும்" என்றார்.

அன்றைக்கே அக்காவைக் கொண்டு பெறாமகனுக்கு வட்ஸ்அப்பில் கேட்க வைத்தேன். மினுங்கத் தொடங்கிவிட்டதா, தாயும் இப்படித்தான் வெயிலில் மினுங்கும் என்று சந்தோசமாகப் பதில் போட்டிருந்தான். அக்கா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

4. இரண்டு கடிதங்கள்

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது ஒரு குறுக்கு யோசனை வந்தது. பூனை சுகம். அக்காவும் இனி வாய் திறக்கப் போவதில்லை. கொட்டில் திறந்தால் சரிதானே. விலங்கு குணமடைந்துவிட்டதால் வேலையைத் தொடர்வதில் எமக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். நல்ல வழவழப்பான கடிதம். வைத்தியரின் மேசையில் வைத்தேன்.

அவர் வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டார். "இதில பிழை ஆரின்ர எண்டு இல்லையே அக்கா. இப்பிடிப் போனால், அந்த மனிசன்ர தூளாலதான் பூனைக்கு வருத்தம் வந்தது எண்டு காலம் முழுக்க இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. நேற்று வந்த பெடியன் எனக்குப் படிப்பிக்கிறானோ என்று. வீட்டுக்குப் போயும் கோபம் ஆறவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அந்த நின்ற மனிதரின் புருவம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு என் முன்னால்தான் தூள் நின்றது. வெள்ளையாக, மங்கலாக, அவர் சொன்னபடியே. என் மேசைக்கு முன்னால் அத்தாட்சி வந்து நின்று பேசியும் நான் பார்க்கவில்லை.

அவர் கொட்டிலுக்குள் நான் ஏன் போகவில்லை என்றும் யோசித்தேன். படலை திறந்துதான் கிடந்தது. தவமலர் அக்கா என் தாயின் ஒழுங்கை, எங்கட ஆள். மரியதாஸ் அண்ணை கடற்கரை ஆள். ஒருவர் சொன்னதைக் கதிரையில் இருந்து கேட்டேன், மற்றவரை நிற்க வைத்துக் கேட்டேன். இதற்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முன்னைய அறிக்கை சம்பந்தப்பட்ட இடத்தைப் பார்வையிடாமல் எழுதப்பட்டது, மினுக்கம் அந்த இனத்தின் பிறவிக் குணம், தோல் நோய் அளவுக்கு மீறிச் சவுக்காரம் பாவித்ததால் வந்தது, படகு திருத்தும் வேலைக்கு இதில் தொடர்பில்லை, பிழை என்னுடையது, முன்னைய அறிக்கையை மீளப் பெறுகிறேன். இதெல்லாம் உங்கட பேர்க் கோப்பில் ஏறும் மிஸ் என்று கிளாக்கர் பயப்படுத்தினார். ஏறட்டும் என்றேன். ஏறியது.

சுகாதாரப் பரிசோதகரிடம் கையாலே கொடுத்து, வேலையைத் தொடங்கலாம் என்ற அனுமதித் துண்டை வாங்கிக்கொண்டு நேரே கொட்டிலுக்குப் போனேன்.

கரையில் ஒரே ஒரு படகுதான் கவிழ்ந்து கிடந்தது. அது அவருடைய மைத்துனருடையது. வாடை தொடங்கிவிட்டது. மற்றப் படகுக்காரர் பார்த்துப் பார்த்து, ஏலாது என்று கண்டதும் ரக்ரரில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மரியதாஸ் அண்ணை அந்த ஆறு கிழமையும் ஆரோ ஒருவருடைய படகில் கூலிக்கு மீன்பிடிக்கப் போய்வந்திருக்கிறார். நான் போனபோது வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

துண்டைக் கொடுத்தேன். "பிழை என்ரதுதான் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். வழியெல்லாம் வேறு நிறையச் சொல்ல யோசித்து வந்தேன். வாயில் அவ்வளவுதான் வந்தது.

அவர் துண்டை வாசித்தார். மடித்துச் சேட் பைக்குள் வைத்தார். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

"அண்டைக்குக் கொட்டிலுக்குள்ள வந்து பாத்தனீங்களோ மிஸ்?"

"இல்லை."

"அப்ப இப்ப வாங்கோ."

உள்ளே போனேன். அவர் மெசினை எடுத்து, படகிலிருந்து வெட்டி எறிந்த ஒரு பழைய துண்டை ராவினார். ஒரு நிமிடம்கூட இல்லை. மெசினை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கும்படி தலையால் காட்டினார். முழங்கைவரை வெள்ளையாகப் படிந்திருந்தது. கொட்டிலுக்கு வெளியே வந்து வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இதற்குப் பிறகும் ஏழு வருடம் வேலை செய்தேன். பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் கதிரையைக் காட்டிய பிறகுதான் பேச்சைத் தொடங்கினேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: முத்திரை மேசையில் இருக்கட்டும், முதலில் படலையைத் திறந்து உள்ளே போங்கோ.

அன்றைக்கு என் கையில் படிந்த தூள் மினுங்கவில்லை. இரண்டு நாள் கையெல்லாம் அரித்துக் கடித்தது.