வெள்ளிக்கிழமை மட்டும் சிவப்பு

கிளினிக் கவுண்டரில் உட்காருகிறவளுக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வருகிறவரின் மூச்சு, வந்த காரியத்தைச் சொல்லிவிடும். புகைமூட்டக் காலத்தில் இருமிக்கொண்டே இதைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் சுங்கைப்பட்டாணி டாக்டர், ஆஸ்துமாக்காரர்களின் கைப்பேசியில் காற்றுத் தர மேப்பை இறக்கிக் கொடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார். பச்சை என்றால் வெளியே போகலாம், சிவப்பு என்றால் வீட்டிலேயே இரு. அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

டாக்டரே வேண்டாம்

தொழிற்சாலையில் வேலை செய்யும் கணேசன் அம்மாவுக்காக மேப்பை இறக்கிக்கொண்டு போனான். அவனுக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“அக்கா, மேப்புலயே செவப்பா இருக்கு. டாக்டர் எதுக்குப் பாக்கணும்? நேரா எம்சி லீவு குடுத்துடுங்க லா!”

பச்சையை நம்பி

பார்வதி அக்கா சிடாம் கிரி பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். ஆஸ்துமாக்காரரான அவரிடம் தோட்ட வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அந்த வேலையை விட அக்காவுக்கு மனமே இல்லை.

ஒருநாள் மூச்சு இழுக்க இழுக்க வந்தார். காஸ் வைத்தோம், நெபுலைசருக்கு இங்கே அதுதான் பெயர். மேப்பில் அவர் பார்த்த பச்சைப் புள்ளி டவுனில் இருந்தது. தோட்டத்துப் பக்கத்திலோ யாரோ காய்ந்த மட்டைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் தோட்ட வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்ல, அக்கா என் பக்கம் திரும்பினார்.

“பொக கண்ணு முன்னாலதான் நிக்குதும்மா. ஆனா மேப்பு பச்சைன்னுச்சே, அதை எப்படி நம்பாம இருக்கிறது?”

நடராஜன் அண்ணன் வீட்டுப் புள்ளி

இதைக் கேட்ட மளிகைக்கடை நடராஜன் அண்ணன், காற்றை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கித் தன் வீட்டு முன்வாசலில் மாட்டி மேப்போடு இணைத்துவிட்டார். அவர் வீடு அக்கா வீட்டுக்குப் பக்கத்து வரிசை. இப்போது அக்காவுக்குச் சொந்தமாக ஒரு புள்ளி. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையானால் அது மட்டும் சிவந்துவிடும், கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிடும். ஏதாவது தொழிற்சாலையா, குப்பை எரிப்பா என்று கவுண்டரில் ஆளுக்கொரு ஆராய்ச்சி. எனக்கோ மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேரில் போய்விட்டேன்.

கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அண்ணி சாமி படங்களுக்குக் காட்டிவிட்டு, சாம்பிராணித் தட்டோடு வாசலுக்கு வந்து அதற்கும் நிதானமாகக் காட்டினார். என் கையிலிருந்த கைப்பேசியில் புள்ளி சிவந்தது.

“எல்லாரோட மூச்சையும் காப்பாத்துற பொட்டிம்மா இது. இதுக்குக் காட்டாம வேற எதுக்குக் காட்டுறது?”

பூட்டிய வீடு

அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பார்வதி அக்காவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஓடினேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் துணி வேறு செருகியிருந்தது. பல தடவை தட்டிய பிறகுதான் திறந்தார். உள்ளே சாம்பிராணிப் புகை ஆள் தெரியாத அளவுக்கு மண்டியிருந்தது. அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. இன்ஹேலர் பம்ப்பை வாயில் வைத்து அடிக்கச் செய்து, நடராஜன் அண்ணன் காரில் கிளினிக்குக் கொண்டுபோனோம். வெளியே சிவப்பு என்று வீட்டைப் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமையாயிற்றே என்று உள்ளே தட்டு நிறையப் போட்டிருக்கிறார்.

காஸ் வைத்து மூச்சு திரும்பியதும் அக்கா டாக்டர் முகத்தையே பார்த்தார். இது தோட்டத்தால் வந்ததில்லை, மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், சாம்பிராணியைத்தான் விட வேண்டும் என்றார் டாக்டர். அக்கா நிம்மதியாகத் தலையாட்டினார். பிறகு முகம் மாறியது.

“வேலைய விட்டிருந்தா, வேலை வாங்குற தோட்டத்து மண்டோருகிட்ட நானே சொல்லிக்குவேன் டாக்டர். இதைச் சாமிகிட்ட யாரு சொல்றது?”

ஊர்க் காற்றையெல்லாம் வேவு பார்க்கிற மேப்பு, நம் வீட்டுச் சாமி மேடைப் பக்கம் மட்டும் மரியாதையாக எட்டிப் பார்ப்பதில்லை.