குரல் நீக்கப்பட்ட கொந்தளிப்பு

சோபா கடையின் மேல்தள மேலாளருக்கு ஒரு காலத்தில் 'கொந்தளிப்பு' என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. அப்போது அவர் ராப் பாடுவார். சாதாரண ராப் இல்லை, சமூகத்தைத் தட்டி எழுப்பும் ராப். சமூகம் தூங்குகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தது அவர்தான், பெரும்பாலும் பதினோரு மணி வரை. அதற்குள் சமூகம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவருக்குத் தாளம் போட்டவன் டப்பா. கதவு, வாளி, தகரம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, பாட்டுக்கு அடியில் ஓடவிடுவான். பெயர் அப்படி வந்தது. இருவருமாக ஒரு வாடகை அறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, பதினோரு பாட்டுகளைப் பதிவு செய்து சிடி போட்டார்கள். பெரிய கம்பெனிக்கு விற்க மாட்டோம், ரேடியோவுக்குத் தர மாட்டோம், கல்யாணத்தில் பாட மாட்டோம் என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை என்பதை மட்டும் அச்சடிக்கவில்லை.

ராப் பாடுகிறவர்கள் வட்டாரத்தில் இதற்கு மரியாதை இருந்தது. ஏதாவது ஒரு கிடங்கில் கூட்டம் போடுவார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் பாடகர்கள். ஒருவர் பாட்டை ஒருவர் கேட்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். காதலைப் பாடுகிறவனைப் புழுவைப் போலப் பார்ப்பார்கள். ஒரு வரி உடனே புரிந்துவிட்டால் அது மட்டமான வரி. இந்த அளவுகோலின்படி கொந்தளிப்பு மிக உயர்ந்த கவிஞர்.

பதினெட்டு வருஷம் போனது. டப்பா வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறான். கொந்தளிப்பு சோபா விற்கிறார். தினமும் கடை திறக்குமுன் ஊழியர்களை வரிசையாக நிறுத்தி, "நம்மால் முடியும்!" என்று முழங்குகிறார். குரல் அதே குரல்தான். நூறு சோபா உள்ள அந்தத் தளத்தில் ஊழியர்கள் யாரும் உட்காரக் கூடாது என்ற விதியும் அவர் போட்டதுதான்.

ஒருநாள் டப்பா கடைக்கு வந்து, இருப்பதிலேயே விலை கூடிய சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"டேய் கொந்தளி! பழைய பாட்டையெல்லாம் தேடிப் பிடிச்சு இசைத்தட்டாப் போடுற கம்பெனி ஒண்ணு இருக்காம். நம்ம சிடி எங்கேயோ கிடைச்சிருக்கு. போடட்டுமான்னு கேக்குறாங்க!"

"மெதுவாப் பேசு. இங்க என்னை சார்னு கூப்பிடுவாங்க."

"சரிங்க கொந்தளி சார். ரெண்டு பேரும் கையெழுத்து போடணுமாம். போடுறியா?"

"பாட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டு சொல்றேன்."

"கேட்டா போட மாட்டடா," என்றான் டப்பா கவலையோடு. "கேக்காமலே போட்டுடு. எனக்கு இது ஒண்ணுதான்டா இருக்கு. நாளெல்லாம் அடுத்தவன் அழுக்குத் தண்ணிலதான் கை விடுறேன்."

அவர் கேட்டார். வீட்டுக் கூடத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய சமாச்சாரம் என்பதால் அவள் இதைக் கேட்டதே இல்லை. முதல் பாட்டு இடி மாதிரி இறங்கியது.

*மானுடத்தின் முதுகெலும்பில் முளைத்த முள் நான்*
*மௌனத்தின் மண்டையோட்டில் ஒலிக்கும் சொல் நான்*

"யாருங்க இது, இவ்வளவு கோவமா?"

"நான்தான்."

"யார் மேல கோவம்?"

"அமைப்பு மேல."

"எந்த அமைப்பு?"

அவர் யோசித்தார். "பொதுவா."

"பொதுவாவே இந்தக் கத்தலா? தொண்டை கட்டிக்கலையா?"

மானுடம் முடிந்து சரித்திரம் வந்தது, சரித்திரம் முடிந்து பிரபஞ்சம் வந்தது. மனைவி ஒரு தலையணை உறையை இரண்டு தடவை மடித்தாள். அவருக்குக் காது சூடானது. அடுத்து ஒரு லிஃப்ட் கதவு கிரீச்சிட்டு அடித்துச் சாத்தும் சத்தம், அதுவே தாளமாகி ஓடியது.

*லிஃப்டு ஓடல, அஞ்சாவது மாடி*
*பிரிட்ஜு முதுகுல, ஏறுறோம் ஆடி*
*"சுவத்துல இடிக்காதே"ன்னு சத்தம் போடுறாரு*
*இடுப்புல இடிச்சப்போ எங்க போனாரு?*

மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். "இது நல்லா இருக்கே! இன்னொரு தடவை போடுங்க."

"அது சும்மா, இடம் நிரப்பப் போட்டது."

உண்மைதான். கைச்செலவுக்காக இருவரும் ஒருநாள் வீடு மாற்றும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, வேறு கருத்தெல்லாம் தீர்ந்துபோன நிலையில் அவர் எழுதியது. அதில் சமூகம் என்ற சொல்லே இல்லை. அதனாலேயே உள்ளே நாலு மனிதர்கள் நிற்க இடம் இருந்தது. மற்ற பத்துப் பாட்டிலும் மானுடம் முழுக்க இருந்தது, ஆள்தான் ஒருவரும் இல்லை.

இது அவருக்கும் புரிந்தது. ஆனால் வேறு விதமாகப் புரிந்தது. தன் பாட்டைத் தானே நிராகரிக்கும் கலைஞன் எவ்வளவு பெரியவன் என்று தோன்றிவிட்டது. கண்ணாடி முன் நின்று பேச்சைத் தயார் செய்தார். இரண்டு இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று குறித்தும் கொண்டார்.

கம்பெனிப் பெண்ணை ஒரு காபிக் கடையில் சந்தித்தார்கள். டப்பா சலவைச் சட்டையில் வந்திருந்தான். கொந்தளிப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வார்த்தைகள் வெறும் பாசாங்கும்மா. அதை மறுபடியும் உலகத்தின் மேல சுமத்த எனக்கு மனசு வரல."

"அப்பாடா!" என்றாள் அந்தப் பெண். "எப்படிச் சொல்றதுன்னு நாங்களே தயங்கிட்டிருந்தோம் சார். எங்களுக்குத் தாளம் மட்டும் போதும். டப்பா சார் தாளத்தையும் குரலையும் தனித்தனியா வெச்சிருக்காரு, குரலை எடுத்துடலாம்."

தழுதழுக்க வேண்டிய இடம் இன்னும் வரவே இல்லை. காபி ஆறியது.

டப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு மட்டும் குரலோட இருக்கட்டுமே. அந்த லிஃப்ட் பாட்டு."

"அது பிரமாதம் சார்! அதை அப்படியே வெச்சுக்கலாம்."

"வெச்சா மானுடத்தை வைங்க," என்றார் கொந்தளிப்பு.

"நீங்கதானே இப்ப அது பாசாங்குன்னு…"

"பாசாங்கா இருந்தாலும் அதுல ஒரு கனம் இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு ஊருக்கு என்னைப் பிரிட்ஜ் தூக்கினவனாத் தெரியணுமா?"

"நீ தூக்கினது அது ஒண்ணுதான்டா," என்றான் டப்பா.

அவ்வளவுதான். மானுடம் இல்லையென்றால் எதுவும் வேண்டாம், தன் குரலில் ஒரு இருமல்கூட இருக்கக் கூடாது, தன் பெயரும் வரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் பேனாவைத் திரும்ப வாங்கின வேகத்தைப் பார்த்தால், இந்த ஏற்பாட்டில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

தட்டு வெளியானது. ஒரு சின்ன இசைத்தட்டுக் கடையில், சாயங்காலம், மடக்கு நாற்காலி போட்டு எல்லோரையும் கேட்க வைத்தார்கள். டப்பா முன்வரிசையில், நகத்தை நன்றாகச் சுரண்டித் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். கொந்தளிப்பு மனைவியோடு கடைசி வரிசையில். மானுடத்தின் தாளம் வந்தபோது அவர் கைகட்டி, உதட்டைச் சுழித்துக் கேட்டார். அப்புறம் லிஃப்ட் கதவு அடித்துச் சாத்தியது. அவர் உதடு தானாக அசைந்தது. அஞ்சாவது மாடியில் முணுமுணுப்பாக இருந்தது, பிரிட்ஜு முதுகில் ஏறும்போது வாய்விட்டே வந்துவிட்டது.

முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் திரும்பினாள். "அண்ணா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன். பாட்டு போய்க்கிட்டிருக்கு."

"இந்தப் பாட்டைப் பாடினவரே இவர்தாம்மா," என்றாள் மனைவி.

அந்தப் பெண் மடியிலிருந்த தட்டின் உறையைத் திருப்பி, விரல் வைத்துக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தாள்.

"இதுல யாருமே பாடலையேக்கா," என்றாள்.