முகத்தைத் திருப்பிய நிமிடம்

போன கோடையில், பாரிஸ் புறநகரான திரான்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்த வைன் திருவிழாவுக்கு மகள் என்னையும் கணவரையும் வற்புறுத்தி அழைத்துப் போனாள். அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். யாராவது தமிழர் கண்டுவிடுவார்களோ என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கணவர் சீஸ் வாங்க வரிசையில் நின்றார். அப்போது, பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணை எதிரே வந்து கதை கொடுத்தார். அவர் கடையில் அலசாத குடும்பம் கிடையாது. அந்த நேரம் பார்த்து, கையில் வைன் கிளாசுடன் மகள் என்னை நோக்கி வந்தாள். என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

சின்ன வயதில் கண்டவளை அண்ணைக்கு அடையாளம் தெரியாது என்று நம்பி, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணைதான் அவளைப் பார்த்துக் கைகாட்டினார். "பிள்ளை, அம்மாவையே தேடுறீங்கள்? இஞ்சை நிக்கிறா."

"தெரியும் மாமா," என்றாள் மகள். "அம்மா என்னைக் கண்டவ."

அண்ணை கிளாசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுகம் விசாரித்துவிட்டுப் போனார்.

இதுவரை லாச்சப்பலில் யாரும் என்னிடம், மகளைக் கண்டும் காணாததுபோல் நான் முகத்தைத் திருப்பியதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை போலும். மகளும் சொல்லவில்லை. இப்போது நான்தான் சொல்கிறேன்.