நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு கோட்டு

மயிலாப்பூர் டாக்டர் முதலில் கேட்பது உடம்புக்கு என்ன என்று அல்ல, எந்தத் தெரு என்று. ரங்கூனிலிருந்து வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. வியாதி நமக்கா, தெருவுக்கா என்று நினைத்துக்கொண்டேன். பர்மாவை விட்டு ஓடி வந்த நம்மவர்கள் மதராஸில் டாக்டரிடம் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம் என்பதால் எழுதுகிறேன்.

என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டு, என் வீட்டுக்காரர் பின்னால் காடு வழியே நடந்து வந்தார். வழியில் பார்த்ததை இன்றுவரை சொல்லவில்லை. சாந்தோம் குப்பத்துக்குப் பக்கத்தில் குடியேறி ஒரு வருஷமாகியும், அரிசி, நெருப்புப்பெட்டி, மாற்று வேட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். ஆகாய விமானச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவார். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் கிடைத்த வேலையும் இப்படித் துணி அளக்கும்போது ஓடியதில் போயிற்று. இத்தனைக்கும் நாங்கள் வந்து சேர்ந்த சித்திரையில் மதராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஜப்பான்காரன் வருகிறான் என்று தெருத் தெருவாகப் பூட்டு. இந்த டாக்டரும் டிஸ்பென்சரியை மூடிவிட்டுக் கும்பகோணம் போனவர்தான். அதற்கு எல்லோரும் முன்ஜாக்கிரதை என்று பெயர் வைத்தார்கள்.

முதல் தடவை, குப்பத்துப் பக்கம் என்றதும் கம்பவுண்டர் எங்களை வெளிப்பெஞ்சில் உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு மீனவப் பெண். புருஷன் கடலோடு போனதிலிருந்து பேச்சே இல்லை என்று அவள் மாமியார் சொன்னாள். உள்ளே ஒரு வக்கீல். அவர் மகன் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். "ஒண்ணுமில்லே, நெர்வஸ் டெபிலிடி. கொடைக்கானல்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்" என்று டாக்டர் அவரைத் தேற்றியது எங்களுக்கும் கேட்டது. பிறகு வாசலுக்கு வந்த டாக்டர், இவர் முகத்தைப் பார்க்காமலே, "இது பைத்தியம். ஆத்துல வச்சுக்கப்படாது. போலீஸ்ல சொல்லு, மாஜிஸ்ட்ரேட் உத்தரவோட ஆஸ்பத்திரியில அடைச்சுடுவா" என்றார். மீனவப் பெண்ணுக்கும் அதையேதான் சொன்னார். எப்போது வெளியே விடுவார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ளே போனப்புறம்" என்றார்.

அடுத்த வீட்டுத் தையற்காரர் கரீம் பாய் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாமா நீ, கசங்கின வேட்டியோட இட்டுக்கினு போனா வேற இன்னா சொல்லுவாங்கோ? எங்கிட்ட ஒரு கோட்டு கீது. போட்டுக்கினு ஜட்காவுல போங்க. லஸ்ஸாண்ட வூடுன்னு சொல்லு."

கோட்டு தோளில் சற்றுப் பெரிது. ஆனாலும் பெரிய மனிதர்கள் குடியிருக்கும் லஸ் என்றதும் உள்ளே நாற்காலி கிடைத்தது. டாக்டருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. முன்பு பார்த்திருந்தால்தானே தெரியும்? இப்போது நாடி பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், தூக்கம் வருகிறதா என்று கேட்டார்.

"கவலைப்படாதீங்கோம்மா. சாருக்கு வெறும் நரம்புத் தளர்ச்சி. டானிக் எழுதித் தரேன். கடல் காத்து ரொம்ப அவசியம். சாந்தோம் பக்கமா ஒரு ஜாகை பார்த்துண்டு கொஞ்ச நாள் இருங்கோ."

அப்படியே செய்கிறோம் என்றேன். ஜட்காவில் திரும்பும்போது சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அந்த மீனவப் பெண்ணை மறுவாரம் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்குப் பொருந்தும் கோட்டு எந்தத் தையற்காரரிடமும் இல்லை. 

டாக்டர் உத்தரவுப்படி தினமும் சாயங்காலம் இவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். ரங்கூனில் எங்கள் எதிர்வீட்டு மா மியா, பயந்தவனுடைய உயிர் 'லெய்ப்யா' என்னும் பட்டாம்பூச்சியாகப் பறந்துவிடும் என்பாள். சோறு வைத்துப் பெயர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டால் திரும்பி வருமாம். அப்போது நான் அவளைக் கேலி செய்வேன். நேற்று மணலில் ஒரு உருண்டைச் சோறு வைத்து, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத என் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாங்க" என்றேன்.

எழுந்து, ரங்கூன் இருக்கும் திசையில் நேரே கடலுக்குள் நடந்தார். அலை வேட்டியை நனைத்த பிறகுதான் கையைப் பிடித்து நிறுத்தினேன். குனிந்து பார்த்தால், என் புடவையும் முழங்கால்வரை நனைந்திருந்தது.