உருளைக்கிழங்குக் கொடி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உருளைக்கிழங்கு காய்க்கப்போகிறது என்று நான்காம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். நர்சரிக்காரர் அந்தக் கொடிக்கு அப்படித்தான் பெயர் சொன்னாராம். வாங்கிவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கிழங்கு வரவில்லை. கத்தரிப்பூப் போல ஊதாப் பூக்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. பூ உதிர்ந்த இடத்தில் மணிமணியாகக் காய் பிடித்துச் சிவந்தது. பார்க்கத்தான் அழகு, தின்றால் விஷம் என்றும் அதே நர்சரிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமா சங்கு குளிக்கப் போனவர். ஒரு நாள் ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்தது. இனிக் கடலில் முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது காது முழுசாகப் போயிற்று; வலது காதில் கத்தினால் கேட்கும். கல்யாணமாகாதவர், தனியாக விட முடியாது என்று அம்மா எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். வந்த புதிதில் சுவரைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்தார். சாப்பிட எழுப்புவதற்கே பெரும்பாடு. அப்புறம்தான் இந்தக் கொடி வந்தது.

தூத்துக்குடியின் உப்புக்காற்றில் கொடி வளர்ப்பது லேசான காரியமில்லை. முதல் கொடி கருகியது. இரண்டாவதும் கருகியது. மாமா மூன்றாவதை வாங்கிவந்து, கடல் பக்கம் தென்னந்தட்டி கட்டி மறைத்து, பழைய வலைத்துண்டில் படரவிட்டார். நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, இலை இலையாக உப்பைத் துடைத்தார்.

"குடிக்கவே தண்ணி இல்ல, இவன் செடியக் குளிப்பாட்டுதான்" என்று அம்மா முணுமுணுத்தாள்.

மறுநாளிலிருந்து மாமா போர்த் தண்ணீரில் குளித்துவிட்டு, தன் பங்கு நல்ல தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோனார். காய்களைச் சிவக்குமுன்பே கிள்ளிவிடுவதாகவும் அம்மாவிடம் ஒப்புக்கொண்டார். என் தம்பி அப்போதுதான் மாடிப்படி ஏறப் பழகியிருந்தான்.

ஒரு சனிக்கிழமை அம்மா மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது, தம்பி பாதிப்படியில் உட்கார்ந்திருந்தான். உதடு, மோவாய், சட்டை எல்லாம் ஒரே சிவப்பு.

"என்னலே தின்ன?"

அவன் மேலே கையைக் காட்டினான். அம்மா மாமாவைக் கூப்பிட்டாள். கத்திக் கூப்பிட்டாள். மாடிக்கு ஓடினாள்; நானும் பின்னால் ஓடினேன். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இலை துடைத்துக்கொண்டிருந்தார். தட்டிக்குப் பின்னால் அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு கொத்து சிவந்து தொங்கியது. அம்மா அதை அவர் முகத்துக்கு நேரே பிய்த்தெடுத்தாள். டாக்டரிடம் காட்டுவதற்காக அதை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, எங்களோடு ஆட்டோவில் ஏறினாள்.

டாக்டர் தம்பியின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"தங்கச்சி, பதறாதிய. பிள்ளைக்கு நான்தான் தேன் முட்டாய் குடுத்தேன்."

டாக்டர் பஞ்சால் துடைத்து மோந்து பார்த்துச் சிரித்தார். ஆனாலும் சாயங்காலம்வரை இருக்கச் சொன்னார்.

திரும்பும்போது அம்மா தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு, "இன்னைக்கே அந்தச் செடிய வெட்டிப்போடணும்" என்றாள். அவள் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவாள்.

நாங்கள் மாடி ஏறியபோது அங்கே பாதிக்கொடி தரையில் கிடந்தது. வலை கிழிந்து தொங்கியது. மாமா கையில் கத்தி.

"எனக்குக் கேக்கலக்கா" என்றார். "நீ கூப்பிட்டது கேக்கவே இல்ல."

அம்மா அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டாள். அவர் வலது காதருகே போய், தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லலே. முட்டாய் தின்னுருக்கான். நீ வெட்டாத. வேர் நல்லாத்தான் இருக்கு. எடுத்துக் கட்டு."

"எதுலக்கா கட்ட?"

அம்மா கீழே போய், பூட்டியிருந்த பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து நைலான் கயிறு ஒன்றை எடுத்தாள். நாங்கள் துணி காயப்போடும் கயிறு. மாமா வந்த அன்றிலிருந்து அதைக் காணவில்லை. துணிகளைக் கைப்பிடிச்சுவரில்தான் விரித்துக்கொண்டிருந்தோம். அம்மா மாடிக்கு வந்து அதை அவரிடம் கொடுத்தாள். அவர் கட்டி, கொடியைத் தூக்கிவிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

அந்தப் பூட்டின் காரணம் எனக்கு விளங்க இன்னும் பல வருஷங்கள் ஆகவேண்டியிருந்தது. அன்றைக்கு, ஒரு கயிற்றைப் போய் யாராவது பீரோவில் வைத்துப் பூட்டுவார்களா என்று கேட்டுச் சிரித்தேன். எதிர்த்துப் பேசினால் எப்போதும் திட்டும் அம்மா, என் தலையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கிப்போனாள்.