நிற்காத சங்கிலி

சந்திரகலா 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தபோது அவருக்குத் தட்டச்சு மட்டுமே தெரியும். அந்நகரின் பரமட்டா பகுதியில் ஓர் எக்ஸ்ரே நிறுவனத்தில் விவரம் பதியும் வேலையில் சேர்ந்தார். சாப்பாட்டு இடைவேளைகளில் கையேடுகளைப் படித்தே கணினி நிரல் எழுதப் பழகினார். பிற்பாடு நிறுவனத்தின் இரவு வேலை முழுவதும் அவர் எழுதிய 'சங்கிலி' என்ற நிரலில்தான் ஓடியது.

அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு கண்ணி. கண்ணிக்கொரு அமைப்புக் கோப்பு. எதற்குப் பின் எது, தவறினால் என்ன செய்வது என்று அதில் எழுதினால் போதும். நிரலில் கைவைக்க வேண்டாம். அறிக்கைகளை அச்சடி, எக்ஸ்ரே படங்களைக் காந்த நாடாவில் நகலெடு, பிறகு கணினியிலிருந்து பழையவற்றை அழி. ஏதாவது தவறினால் சங்கிலி அங்கேயே நின்று அவருக்குச் செய்தி அனுப்பும்.

2008இல், சிட்னிக்கு வெளியே ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில் உற்சவம். சந்திரகலாவும் கணவர் மோகனதாஸும் வார இறுதி முழுக்க மடைப்பள்ளித் தொண்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தக் காட்டுப் பக்கம் போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. புறப்படும் நேரத்தில் சந்திரகலா வீட்டிலிருந்தே நிறுவனக் கணினியில் இணைந்திருந்தார்.

"இன்னும் உந்தக் கம்ப்யூட்டரை விட்டு எழும்பேல்லையே? பெருமாள் என்ன, உம்மட சங்கிலி ஓடுதோ எண்டு கேக்கப் போறாரே?" என்று மோகனதாஸ் கார்ச் சாவியை ஆட்டினார்.

"ஒரு நிமிஷம், வாறன்."

அடிக்கடி சிக்குவது அச்சுக் கண்ணிதான். தான் இல்லாதபோது அது சிக்கிச் சங்கிலி நின்றுவிடாதிருக்க, 'தவறினாலும் தொடர்' என்ற வரியை அதன் கோப்பில் மட்டும் போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாக் கண்ணிக்கும் பொதுவான கோப்பில் போட்டுவிட்டு எழுந்தார். திரும்பி வந்ததும் எடுக்க மறந்தார்.

அடுத்த மாதம் நாடா இயந்திரம் பழுதானது. நகல் பதியவில்லை. சங்கிலி நிற்காமல் படங்களை அழித்துக்கொண்டே போனது. காலைதோறும் திரையில் 'முடிந்தது' என்றே காட்டியது. புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பழைய படம் கேட்டபோதுதான் அது அழிந்துபோனது தெரிந்தது.

நாடா மாற்றுவது சென்னையிலிருந்து வேலை விசாவில் வந்த சிறிதரனின் பொறுப்பு.

"தினம் முடிஞ்சுதுன்னுதானே அக்கா காட்டுச்சு? நான் நாடாவத் திறந்து பாத்திருக்கணும்" என்றான். வேலை போனால் விசாவும் போகும். மனைவிக்கு ஏழாம் மாதம்.

சந்திரகலா மேலாளரிடம் போய், அந்த வரியை எழுதியது தான்தான் என்றார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் போனால் இதை யார் ஓட்டுவது?" என்றார். சிறிதரனுக்கு அன்றே வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள்.

நாடா இயந்திரம் சரியானதும் சந்திரகலா 'தவறினாலும் தொடர்' என்ற வசதியையே நிரலிலிருந்து வெட்டி எறிந்தார். மறுநாள் விடியும்போது போனில் செய்தி வந்தது: நாடா இல்லை, சங்கிலி நின்றுவிட்டது. நாடா போட ஆளில்லை. தன் வீடிருக்கும் வென்ட்வேர்த்வில்லில் முதல் ரயிலைப் பிடித்துப் போய் அவரே போட்டார்.