ரிமோட்டுக்குப் போட்ட கோடு

ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்று சொன்னால் போதும், "நாய் வளர்க்கிறீங்களா?" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ரிமோட் கெட்டுப்போனதைச் சொல்ல ஆரம்பித்தாலும், "நாய் கடிச்சிருச்சா?" என்பார்கள். நாய் கடிக்கவில்லை. எங்கள் வீட்டில் நாயே கிடையாது. ரிமோட்டைக் கெடுத்தது என் மாமனார்.

மாமா பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். தொண்ணூறுகளின் நடுவில், சவுதியில் இருந்த அவருடைய மூத்த மகன் ஒரு கலர் டி.வி. கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். வாயில் நுழையாத பேருள்ள கம்பெனி. அந்த டி.வி.யின் முகத்தில் போடவும் அணைக்கவும் ஒரே ஒரு பட்டன்தான். சேனல் மாற்ற, சத்தம் கூட்ட, குறைக்க, எல்லாம் ரிமோட்டில்தான். ரிமோட்டை மாமா பாலிதீன் உறையில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். குளிக்கப் போகும்போது மட்டும் அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போவார். என்னிடம் ஒருநாளும் கொடுத்ததில்லை.

அந்தச் சித்திரையில் ரிமோட்டுக்குச் செல் தீர்ந்தது. தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்தால் கொஞ்சநாள் ஓடும் என்பது ஊரறிந்த விஷயம். ரேடியோவுக்கும் டார்ச் லைட்டுக்கும் எல்லாரும் செய்ததுதான். ஆனால் செல்லைக் கழற்றி அல்லவா காயவைக்க வேண்டும்? மாமா ரிமோட்டை அப்படியே முழுசாக, உறையோடு, மொட்டை மாடியில் அத்தை பிழிந்துவைத்த வடகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது. ரிமோட் ஒரு பக்கம் வளைந்து, உறை உருகிப் பட்டன்களோடு ஒட்டிப்போய், செல்லில் இருந்து ஏதோ ஒழுகிக் கிடந்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமான் சரியில்ல" என்றார். பட்டாளத்துக்காரர் தப்பை ஒப்புக்கொள்வதாவது!

ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான் அதற்குப் பிறகு. ரிமோட் கெட்ட அன்று டி.வி. ஒரு இந்திச் சேனலில் இருந்தது. அதிலேயே நின்றுபோனது. எப்போது போட்டாலும் இந்தி. மாமாவுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. வடக்கே இருந்தவர் அல்லவா, எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். திரையில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள். "ரயிலுக்கு நேரமாச்சுங்கா" என்பார். அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "டிக்கெட்டு கேக்கா" என்பார். எங்கள் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டு முடிந்து வந்து, அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் சோறு சாப்பிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் புது மருமகள், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்படியே இருந்திருப்பேன், வத்திராயிருப்பில் இருந்து அய்யாவின் கடிதம் வராவிட்டால். என்னைப் பெற்ற அய்யா அந்த இன்லண்ட் தாளில் முக்கால்வாசி இடத்தை, புதிதாக வாங்கிய மாட்டைப் பற்றி எழுதியிருந்தார். கடைசியில், மடிக்கிற இடத்தில், பொடி எழுத்தில் இரண்டு வரி: உன் அம்மாவை டி.வி.க்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் விவசாய நிகழ்ச்சியில் வருமாம், பார்க்கவும்.

என் அம்மாவா? டி.வி.யிலா? அதுவும் பேசுகிறாளா?

என் அம்மா பேசமாட்டாள் என்பதுதான் நான் பிறந்ததில் இருந்து கேட்டது. எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அய்யாவுடையது. என் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் அம்மா "வாங்க", "சாப்பிடுங்க" என்ற இரண்டு வார்த்தைக்குமேல் பேசவில்லை. அதை வைத்து ராஜபாளையத்தில் ஒரு வருஷமாக என்னை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு வாய் இருக்கிறதா என்று மாமா கேட்பார். இருந்த வாயை எல்லாம் மகளுக்குக் கொடுத்துவிட்டாள் என்பாள் அத்தை. சிரித்து மழுப்புவேன். உள்ளுக்குள் வலிக்கும். அய்யாவின் தோப்பைப் பார்க்க வந்த விவசாய ஆபீசர், பக்கத்தில் அம்மாவின் பாகத்தில் நின்ற பன்னிரண்டு மாமரத்தில் காய் தொங்குவதைப் பார்த்துவிட்டு, இது யார் மரம் என்று கேட்டதாக, ஊரில் இருந்து வந்த ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பன்னிரண்டு மரத்துக்காக டி.வி.யே அம்மாவைத் தேடி வந்திருக்கிறது. இந்த வீட்டார் உட்கார்ந்து, என் அம்மா பேசுவதை ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

வியாழனுக்கு நாலு நாள்தான் இருந்தது. ராஜபாளையத்தில் ஏறி இறங்காத கடை இல்லை. அந்த டி.வி.யின் பேரைச் சொன்னாலே கடைக்காரர்கள், வேறு டி.வி. காட்டவா என்று கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் கடையில் எல்லா டி.வி.க்கும் பொதுவான ரிமோட் வந்திருப்பதாக யாரோ சொல்ல, மாமாவைக் கிளப்பினேன். இந்தியை விட்டுவிட்டு வர அவருக்கு மனசே இல்லை. சம்பந்தியம்மா வாய் திறக்கப் போகிறார் என்ற அதிசயத்துக்காகத்தான் வந்தார்.

கடையில் கூட்டம். பாய் ஒரு கருப்பு ரிமோட்டை எடுத்து மாமா கையில் கொடுத்தார். அதில் இருந்த பட்டன்களைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது.

"எந்த டி.வி.க்கும் இது பேசும் அண்ணாச்சி. ஆனா கோடு போடணும். கோடு சரியா இருந்தாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். தப்பாச்சுன்னா ஒண்ண அமுக்குனா இன்னொண்ணு நடக்கும்."

"பட்டாளத்துல நான் போடாத கோடா" என்றார் மாமா.

கூடவே பாய் நாலாக மடித்த ஒரு தாளையும் கொடுத்து, எல்லாம் இதில் இருக்கிறது என்றார். திரும்பும்போது பஸ் சீட்டில் யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள். மாமா அந்தத் தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது அங்கேயே விட்டுவிட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா சாக்பீஸும் சணல் கயிறும் கேட்டார். கயிற்றின் ஒரு முனையை டி.வி.யின் சிவப்பு விளக்குக்கு நேர் கீழே நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையைத் தன் நாற்காலிக் காலில் கட்டி, சிமெண்டுத் தரையில் நேராக ஒரு கோடு போட்டார். நாற்காலியை அதன்மேல் நிறுத்தி, விறைப்பாக உட்கார்ந்து, ரிமோட்டை நீட்டி அமுக்கினார். சேனல் மாறியது!

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தி போய்த் தமிழ் வந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா அடுத்து சத்தத்தைக் கூட்ட அமுக்கினார். சத்தம் சுத்தமாக நின்றுபோனது. இன்னொருமுறை அமுக்கினார், வந்தது. எழுந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டு, கோடு ரெண்டு இஞ்சு கோணல் என்றார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுநாள் அத்தை வீடு துடைத்ததில் அது அழிந்துபோக, மூன்றாவது தடவை போட்டார். அதற்குமேல் கோட்டை யாரும் மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்று உத்தரவு. மில்லில் நின்று கால் வலித்து வரும் என் வீட்டுக்காரர்கூட, வியாழன் வரைக்கும் தாண்டித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டுக்குள் ஒற்றைக் கோடு கிடக்கலாமா? கோலத்தில் ஒற்றை இழை இழுப்பது நல்ல காரியத்துக்கு இல்லையே. அதுவும் சம்பந்தியம்மா வருகிற நாள். மாமா தூங்கும் நேரம் பார்த்து, பச்சரிசி மாவை எடுத்து, சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்திலேயே இணையாக இன்னொரு கோடு இழுத்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, மாமா போட்டதைவிட நேராக இருந்தது.

சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டில் இருந்து இரண்டு பேர். நான் முதல்நாள் வாங்கிய பூவை வைத்திருந்தேன். உரம், பூச்சிமருந்து, தென்னை என்று ஏதேதோ போனது. பிறகு மாமரம். பன்னிரண்டில் மூன்றாவது மரம், எனக்குத் தெரியும். அதன் கீழே என் அம்மா. தலை படிய வாரி, கல்யாணத்துக்குக் கட்டிய அதே சேலையில், கேமராவை நேராகப் பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

அரசாங்க டி.வி.யில் சத்தம் எப்போதும் குறைவாகத்தான் வரும். நான் முன்னால் நகர்ந்தேன். மாமா பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

"இரு தாயி, சம்பந்தியம்மா பேசுறாக. சத்தத்தக் கூட்டுதேன்."

அமுக்கினார். சத்தம் நின்றது.

பதறிப்போய் மறுபடி அமுக்கினார். "பூவு" என்றாள் அம்மா. இன்னும் கூட்டலாம் என்று அமுக்கினார். நின்றது. அமுக்கினார். "வேணாம்னு" என்றாள். கையை விடுங்க மாமா என்று நான் கத்துவதற்குள் மறுபடி அமுக்கிவிட்டார். என் அம்மா கையை ஆட்டி, தலையை ஆட்டி, மரத்தைத் தொட்டுக் காட்டி, ஒரு தடவை சிரித்துக்கூடப் பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஒரு சத்தம் இல்லை. அப்போதுதான் மாமா தரையைப் பார்த்தார். இரண்டு கோடு. நாற்காலியைத் தூக்கி மாவுக் கோட்டில் போட்டு ஒரு அமுக்கு, சாக்பீஸ் கோட்டில் போட்டு ஒரு அமுக்கு. கடைசியில் "அம்புட்டுத்தான்" என்று கேட்டது. அம்மா கும்பிட்டாள். அடுத்து கோழி வளர்ப்பு.

கோடு ரெண்டானா மிசினு எதக் கேக்கும் என்று மாமா அத்தையைப் பிடித்துக்கொண்டார். ஒற்றைக் கோடு போட்டதே தரித்திரம் என்றாள் அத்தை. நான் எழுந்து போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்றால், மூக்கைச் சிந்திச் சிந்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதேன். புது மருமகள் என்பதெல்லாம் அன்றோடு போனது.

மறுநாள் காலை ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இறங்கினேன். கடை திறந்ததும் திறக்காததுமாகப் பாயைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோடு போட்டீகளா தங்கச்சி என்றார்.

"மூணு தடவ போட்டோம். மாமா சாக்பீஸ்ல போட்டாக. அத்தை மாவுல போட்டாக. தரையில மிதிக்க இடமில்ல."

பாய் என்னைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். வேறொரு பெட்டியில் இருந்து அதே மாதிரித் தாளை எடுத்து விரித்தார். பொடி எழுத்தில் மூன்று மூன்று இலக்கமாக நூற்றுக்கணக்கில் எண்கள்.

"தங்கச்சி, கோடுன்னா இந்த நம்பரு. ஒங்க டி.வி.க்கு உள்ள நம்பர இதுல அமுக்கணும்."

அவர் சிரிக்கவே இல்லை. நான் தாளை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிய பிறகுதான், கடைக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பாவம், அவ்வளவு நேரம் அடக்கியதே பெரிய விஷயம்.

நேரே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். மனசு ஆறவில்லை. வத்திராயிருப்பு பஸ் நின்றது, ஏறிவிட்டேன். அய்யா வீட்டில் இல்லை. முதல்நாள் சாயங்காலம் ஊரில் கரண்டு இல்லையாம், பஞ்சாயத்து டி.வி.யிலும் யாரும் பார்க்கவில்லை. அம்மா தோப்பில் உதிர்ந்த காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த ஓலைக் கடகத்தைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, கோடு, மாவு, மாமா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டு, டி.வி.யில் என்னதாம்மா பேசினாய் என்று கேட்டேன்.

அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புதுசா என்னத்தப் பேசப்போறேன். கார்த்திகை மழைக்குப் பொறவு மாமரத்துக்குத் தண்ணி காட்டாதீக, பூவு நிக்காது, வேணாம்னு இருவது வருசமா இந்த வீட்டுல சொன்னதத்தான் அங்கயும் சொன்னேன். ஒங்கய்யாவும் கேக்கல. நீ பேசிக்கிட்டேதான் இருப்ப, என்னைக்கு ஏட்டி கேட்ட? இப்ப மிசினு கேக்க விடலன்னு எங்கிட்ட வந்து நிக்க."

கடகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எப்போதுதான் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டேன். காய் சுண்டைக்காய் அளவு திரண்ட பிறகு என்றாள். ஏன் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். வெயில் இறங்கும்வரை சொன்னாள். என் அம்மா பேசி, நடுவில் நான் வாய் திறக்காமல் கேட்டது அன்றுதான். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு.